ஐந்து விரல் நிரூபணம்

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் சம்பளம் போடும் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். குக்கர் தொழிற்சாலையில் மற்ற எல்லாருக்கும் அவர் ஆதாரம். "வெளிய மழைங்க" என்று யாராவது சொன்னால், எழுந்து ஜன்னல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து "ஆமாம்" என்பார். அந்த ஆமாம் வரும்வரை மழை பெய்யவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சோதனைப் பிரிவுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார் என்பார் மேனேஜர். வீட்டுக்கு இதைவிடப் பொருந்தாத ஆள் கிடைக்க மாட்டார் என்பார் அவர் மனைவி. இரண்டு பேர் சொன்னதிலும் தப்பில்லை.

ஆலையின் பின்பக்கத்தில், ஜன்னல் ஓரமாக, தகர மேஜை போட்ட நீள அறை அவருடையது. தகராறு செய்த குக்கர்கள் எல்லாம் அந்த மேஜைக்குத்தான் வந்து சேரும். ஆதாரம் இடது கையை விரித்துப் பிடிப்பார். சுண்டுவிரல், வால்வு அடைப்பு. அடுத்தது, ரப்பர் வளையத்தில் கிழிசல். நடுவிரல், மூடியில் நெளிவு. ஆள்காட்டி, கைப்பிடியின் பூட்டு சரியாகப் பிடிக்காதது. ஒவ்வொன்றாகச் சோதித்து, இல்லை என்று தெரிந்ததும் அந்த விரலை மடக்குவார். நான்கும் மடங்கிவிட்டால் கட்டைவிரல் மட்டும் நிமிர்ந்து நிற்கும். கட்டைவிரல் என்றால் சமைத்தவரின் கவனக்குறைவு. அதற்குமேல் அப்பீல் கிடையாது.

இந்த மனிதர் கிறிஸ்தவரானதும் இதே கையால்தான்.

அவர் பக்தியில் விழுந்தவர் அல்லர், வாதத்தில் தோற்றவர். இளம் வயதில் ஒருமுறை ஒரு தொகுதி குக்கர்களில் வால்வு கோளாறு என்று தெரிந்து, வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு: எந்தக் கை 'சரி' என்று முத்திரை குத்தியதோ, அந்தக் கையே போய்க் கதவைத் தட்ட வேண்டும். வேறு ஆளை அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்ள முடியாது. அப்படித் தட்டிய கதவுகளில் ஒன்று ஒரு வயதான போதகருடையது. சமையலறையில் நின்று வால்வைக் கழற்றிக்கொண்டே ஆதாரம் சும்மா இருக்க முடியாமல் வாயைக் கொடுத்தார்.

"செத்தவர் எழுந்து வந்தார்னு சொல்றீங்களே, அதுக்கு என்னங்க ஆதாரம்?"

போதகர் கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு குக்கர் வெடிச்சா நீங்க எப்படிக் காரணம் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார். ஆதாரம் விரலை மடக்கிக் காட்டினார். "அப்படியே இதையும் பாப்போம்" என்றார் போதகர்.

வால்வு மாற்றும் வேலை அன்றே முடிந்துவிட்டது. விரல் மடக்கும் வேலை அந்த வருடம் முழுக்க இழுத்தது. கல்லறை காலியாக இருந்தது என்றால், சீடர்கள் உடலைத் திருடிவிட்டார்களா? திருட்டை மறைக்க ஒருவர் பின் ஒருவராக உயிரையா கொடுப்பார்கள் என்று சுண்டுவிரல் மடங்கியது. வேறு கல்லறைக்குப் போய்விட்டார்களா? அப்படியானால் எதிரிகள் சரியான கல்லறையைத் திறந்து காட்டியிருப்பார்கள். அவர் சாகவில்லை, மயக்கம்தானா? பார்த்தவர்களுக்கு மனப்பிரமையா? ஒவ்வொரு விரலுக்கும் ஆதாரம் மல்லுக்கு நின்றார். கடைசியில் கட்டைவிரல் மட்டும் நிமிர்ந்து நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்கிட்ட பதில் இல்ல. ஞானஸ்நானம் எப்போ?" என்று கேட்டார். சரக்கு எப்போது வந்து சேரும் என்று கேட்கிற குரல்.

"இது மட்டும் போதாது தம்பி. இருந்தாலும் உள்ள வாங்க" என்றார் போதகர். முதல் வாக்கியத்தை ஆதாரம் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்தப் போதகர் காலமாகி, இளைய போதகர் ஒருவர் வந்தார். ஆராதனை முடிந்ததும் கோயிலின் பின்னறையில், மடக்கு நாற்காலிகள் போட்டு, சந்தேகப்படுகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பது ஆதாரத்தின் பொறுப்பானது. ஒரு தையல்காரர், ஒரு பஸ் கண்டக்டர் என்று சில பேரை அவர் விரல் மடக்கியே உள்ளே கொண்டுவந்தார். யாரையும் அழவைத்ததில்லை, பாடவைத்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை.

ஒரே ஒரு ஆள்தான் மசியவில்லை. அது வீட்டில் இருந்தது.

அவர் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். வருகிறவர்களை இருட்டறையில் உட்காரவைத்து, மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிற வேலை. கல்யாணமான புதிதில் ஆதாரம் விரல்களை மடக்கிக் காட்டியபோது கடைசிவரை கேட்டுவிட்டு "யோசிக்கறேன்" என்றார். இருபது வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். ஞாயிறு தவறாமல் கணவனோடு வந்து கடைசி வரிசையில், குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். ஞானஸ்நானம் மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. கொஞ்சம் தாமதமாகப் புரிகிறது, அவ்வளவுதான் என்று ஆதாரம் தன்னைத் தேற்றிக்கொள்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு விடுதியின் குக்கர் வந்தது. மூடியின் பக்கவாட்டில் நீராவி பீறிட்டு, சமையல்காரம்மாவின் முன்கையைப் பொசுக்கிவிட்டது. ஆதாரம் சோதித்தார். வால்வு சுத்தம். வளையம் முழுசு. மூடி நேர். பூட்டு கெட்டி. கட்டைவிரல் நிமிர்ந்து நின்றது. கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கவனமில்லாத ஆள் எங்களுக்கு எதற்கு என்று விடுதிக்காரர்கள் அந்த அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஆலையின் சொந்தக் கேன்டீனில், மேனேஜர் டீக்காக நின்றுகொண்டிருந்தபோது, ஒரு குக்கர் பக்கவாட்டில் சீறியது. மேனேஜரின் சட்டை நனைந்ததோடு போயிற்று. ஆனால் இந்த முறை குக்கர் சூடாக இருக்கும்போதே ஆதாரம் ஓடிவந்து பார்த்தார். ஆலை புதிதாக வாங்கிப் போட்ட ரப்பர் வளையம், விடுதிக் குக்கரில் இருந்த அதே வகை, கொதிக்கிற சூட்டில் மட்டும் சுருங்குகிறது. ஆறியதும் ஒன்றுமறியாத பிள்ளையாகப் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. ஆறின குக்கரை மேஜையில் வைத்து ஆயுள் முழுக்கச் சோதித்தாலும் அது தெரியாது. அப்படி ஒரு காரணம் உண்டு என்று அவருக்கு மட்டுமல்ல, ஆலையில் யாருக்குமே தெரியாது. அவருடைய ஐந்து விரலில் எதிலும் அது இல்லை.

முத்திரை குத்திய கை கதவைத் தட்டப் புறப்பட்டது. தனியாகப் போனால் மனிதர் விளக்கம் சொல்லியே வம்பை இழுத்துவிடுவார் என்று மனைவியும் கூடக் கிளம்பினார்.

சமையல்காரம்மா ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஈரப் போர்வைகள் தொங்கிய கொடிகளுக்கு நடுவே நின்று, உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லாமல் இவர்களைப் பார்த்தார். கையில் தழும்பு பளபளத்தது. ஆதாரம் இடது கையை விரித்து, பொதுவாக ஐந்து காரணங்கள் உண்டு என்று ஆரம்பித்தார். சுண்டுவிரலைத் தாண்டுவதற்குள் அந்த அம்மா குறுக்கிட்டார்.

"தப்பு பண்ணது நீங்களா, நானா?"

"நான்தாங்க."

"அதச் சொல்லத்தான் வந்தீங்களா?"

"ஆமாங்க. விடுதிக்கும் எழுதிட்டேன். உங்க மேல ஒண்ணும் இல்லன்னு."

அந்த அம்மா ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டார். இன்னொன்றையும் போட்டார். "இந்தக் கை இனிமே பழைய கை ஆகாது. ராத்திரியெல்லாம் உங்கள நல்லாத் திட்டியிருக்கேன்" என்றார். பிறகு, "சரி, விடுங்க" என்றார்.

ஆதாரம் விடுகிற ஆளா? "இல்லங்க, நான் பண்ணதுக்கு நீங்க எந்த அடிப்படையில..." என்று தொடங்கினார்.

"அடிப்படை கேட்டா விடமாட்டேன். கேக்காம போயிடுங்க."

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது ஆதாரத்துக்கு உடம்பே லேசாகிவிட்டதுபோல் இருந்தது. காரணம் புரியவில்லை. புரியாத சந்தோஷம் பிடிக்காதவர் ஆதலால், இது ஏன் நடந்தது என்று ஆராயத் தொடங்கினார். விரல்கள் தாமாக மடங்கின. கட்டைவிரல் நிமிர்ந்தது. அதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. மிஞ்சியிருப்பதுதான் காரணம் என்றால், காரணங்கள் இவ்வளவுதான் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். குக்கரில் அவருக்கு அது தெரியவில்லை. தினமும் தொட்டுப் பார்க்கிற குக்கரிலேயே தெரியவில்லை என்றால், கண்ணால் பார்க்காத ஒரு கல்லறையில் மட்டும் எப்படித் தெரியும்? கல்லறை விஷயம் பொய் என்று ஆகிவிடவில்லை. நிரூபணம் ஆகவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவருடைய தகர மேஜையில், தேறாதது எல்லாமே திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்னங்க, நான் ஞானஸ்நானம் வாங்கிக்கறேன். அடுத்த ஞாயித்துக்கிழமையே. சாட்சியா நீங்கதான் நிக்கணும்."

இருபது வருடம் காத்திருந்த செய்தி இப்படி ஒரு நேரம் பார்த்து வந்தது. ஆதாரம் "ம்" என்றார். அந்தக் கோயிலில் சாட்சி என்பது சும்மா பக்கத்தில் நிற்கிற வேலை இல்லை. போதகர் சாட்சியைப் பார்த்து, "இவரோடு சேர்ந்து நீங்களும் இதை விசுவாசிக்கிறீர்களா?" என்று கேட்பார். "விசுவாசிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் தண்ணீர் ஊற்றுவார்கள். ஜன்னலுக்குப் போய்ப் பார்க்காமல் மழை என்று சொல்லாத மனிதர் அதை எப்படிச் சொல்வார்?

என்ன செய்வதென்று தெரியாதபோது ஆதாரத்துக்குத் தெரிந்தது ஆலையின் வழக்கம் ஒன்றுதான். சரக்கில் கோளாறு. அப்படியானால் ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்ட வேண்டும்.

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து கதவைத் திறந்தார். தான் கொடுத்த நிரூபணத்தில் ஓட்டை இருப்பதாகவும், அதை நம்பி எதுவும் செய்ய வேண்டாம் என்றும் ஆதாரம் அறிவித்தார். தையல்காரர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணே. அந்த விரல் விஷயம் எனக்கு அப்பவே பிடிபடல. நீங்க அவ்வளவு சிரமப்பட்டுச் சொல்றீங்களேன்னு தலையாட்டினேன்."

"அப்புறம் எதுக்கு வந்து சேந்தீங்க?"

"எனக்குக் காய்ச்சல்னு படுத்தப்ப கோயில்லருந்து ஆளுங்க வந்து பாத்துக்கிட்டாங்க. போகணும்னு தோணிச்சு. போனேன்."

இது எந்த விரலிலும் சேராது என்று ஆதாரம் நினைத்தார்.

கண்டக்டர் வேறு ரகம். அவர் நிஜமாகவே விரல்களை நம்பி வந்தவர். டிப்போவின் ஓய்வறையில், பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். முகம் சிவந்துவிட்டது.

"சரி சார். பழைய வால்வக் கழட்டிட்டீங்க. புதுசு எங்க?"

"புதுசு இல்ல."

"உங்க கம்பெனியில இப்படித்தான் பண்ணுவீங்களா? ஓட்டையோட அடுப்புல வெச்சுட்டுப் போயிடுவீங்களா? நான் என் அண்ணன்கூட சண்டை போட்டுட்டு வந்தவன் சார். இந்த விரல அவனுக்குக் காட்டித்தான் சண்டை போட்டேன்."

ஆதாரத்தின் வாழ்க்கையில் இப்படிப் பதில் இல்லாமல் நின்றது இரண்டாவது தடவை. முதல் தடவை நின்றபோது ஒரு மதத்தில் சேர்ந்தார். இப்போது கண்டக்டரின் கையைப் பிடித்து, "உங்கள ஏமாத்தணும்னு பண்ணல" என்றார். கண்டக்டர் கையை உருவிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். அந்த முகத்தை நினைத்து ஆதாரம் வழியெல்லாம் மனம் நொந்தார்.

இளைய போதகரின் வீட்டு வாசலில், வகுப்பும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டார்.

"விசுவாசம் கேள்வி கேட்டு வர்றதில்லைங்க. அது வரம்" என்றார் போதகர்.

"அப்ப மூளைய எதுக்குக் கொடுத்தாராம்?"

"அதுவும் வரம்தான்" என்றார் போதகர் கொஞ்சம் யோசித்து. "சாட்சிய மாத்தணும்னா உங்க வீட்டம்மாவே வந்து சொல்லட்டும். அவங்க கேட்டதுக்கு நான் எப்படி வேற ஆள் போட முடியும்?"

ஆக, கடைசிக் கதவு அவர் வீட்டுக் கதவு.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி ஞாயிறுக்கான புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஆதாரம் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னார். சூட்டில் சுருங்கும் வளையத்தில் ஆரம்பித்து, ஆறாவதாக ஒரு காரணம் எங்கேயாவது இருக்கலாம் என்பதுவரை வந்து, "என் பேச்ச நம்பி நீ இதுல இறங்க வேண்டாம்" என்று முடித்தார்.

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"இத இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா?"

"ஏன்?"

"கல்யாணமான புதுசுல நீங்க விரல மடக்கறப்பவே எனக்குத் தோணிச்சு. ஆறாவதா ஒண்ணு இருந்தா என்ன பண்ணுவாருன்னு. அதான் யோசிக்கறேன்னு சொன்னேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க அன்னிக்கே விட்டுட்டு வந்திருப்பீங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு வேளையாவது நீங்க யாரையும் ஆதாரம் கேக்காம உக்காந்திருந்தீங்க. அதக் கெடுக்க மனசு வரல."

வெளியே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. ஆதாரம் எழுந்து ஜன்னல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அப்ப இப்ப மட்டும் எதுக்குப் போற?"

"அந்தம்மா 'சரி, விடுங்க'ன்னாங்களே. அதுக்கு அவங்களுக்கு ஒரு காரணமும் இல்ல. கை வெந்து, வேலை போயி நிக்கிறாங்க. திட்டி அனுப்பியிருந்தா நியாயம். அப்படி ஒண்ணு உலகத்துல இருக்குன்னு அன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன். அது எங்கருந்து வருதோ, அந்தப் பக்கம் போலாம்னு இருக்கு."

"அதனால கல்லறை காலியா இருந்துச்சுன்னு ஆயிடாது."

"ஆகாது."

"அப்ப?"

"அப்ப ஒண்ணுமில்ல. நான் தினமும் கடையில 'இப்பத் தெரியுதா'ன்னு கேக்கறேன். தெரியுதுன்னு சொன்னா கண்ணாடி போட்டுக் கொடுக்கறேன். அவங்க கண்ணுக்குள்ள பூந்தா பாக்க முடியும்? எனக்குத் தெரியுதுங்க. அவ்வளவுதான்." புடவையை மடித்தார். "நீங்களும் அன்னிக்கு அந்தம்மாகிட்ட ஆதாரம் வாங்கிட்டு வரல. ஆனா பஸ் ஸ்டாப்புல உங்க முகத்தப் பாத்தேன். இருபது வருஷத்துல அப்படிப் பாத்ததில்ல."

அது உண்மை என்பது ஆதாரத்துக்குத் தெரியும். நிரூபிக்கத் தெரியாது.

"நாளைக்கு வேற யாரையாவது நிக்கச் சொல்லேன்."

"வேற யாரும் வேண்டாம். நீங்க நின்னா வாங்கிக்கறேன். நிக்கலன்னா இன்னும் ஒரு இருபது வருஷம் குடையோட உக்காந்துக்கறேன். எனக்குப் பழக்கம்தான்."

மிரட்டுகிற குரல் இல்லை. அப்படியே செய்துவிடுவார் என்பதுதான் ஆதாரத்தைக் கலங்கடித்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வழக்கம்போல்தான் நிரம்பியது. தையல்காரர் தானே தைத்த சட்டையில் வந்திருந்தார். கண்டக்டர் வரமாட்டார் என்று நினைத்திருந்த ஆதாரம், கடைசி வரிசையில், இத்தனை வருடம் தன் மனைவி உட்கார்ந்த இடத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டார். புது வால்வு வருகிறதா என்று பார்க்க வந்தவர்போல் இருந்தது அந்த உட்கார்வு.

ஞானஸ்நானக் கல்தொட்டியின் முன்னால் இருவரும் நின்றார்கள். போதகர் முதலில் மனைவியிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார். "விசுவாசிக்கிறேன்" என்றார் அவர், விலை சொல்வதுபோல் தெளிவாக. போதகர் ஆதாரத்தின் பக்கம் திரும்பினார்.

"இவரோடு சேர்ந்து நீங்களும் இதை விசுவாசிக்கிறீர்களா?"

ஆதாரம் தன் இடது கையைப் பார்த்தார். ஐந்து விரலும் விரிந்தே கிடந்தன. எதையும் மடக்க முடியவில்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது. விட்டுவிட்டுக் கீழே இறங்கவும் கால் வரவில்லை. போர்வைகளுக்கு நடுவே அந்த அம்மா, கேட்காமல் போய்விடுங்கள் என்றது ஞாபகம் வந்தது. கேட்காமல்தானே வந்தோம், வந்து பஸ் நிறுத்தத்தில் நன்றாகத்தானே நின்றோம் என்று நினைத்தார்.

"என்கிட்ட ஆதாரம் இல்லைங்க" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "தேடிப் பாத்துட்டேன். இல்ல." மனைவியின் பக்கம் ஓர் அடி நகர்ந்தார். "இருந்தாலும் நிக்கறேன்."

போதகர் குவளையைத் தண்ணீரோடு தூக்கியபடி திகைத்தார். சாட்சி சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். இது அது இல்லை. ஊற்றுவதா, நிறுத்துவதா என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கடைசி வரிசையில் கண்டக்டர் கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

மனைவிதான் குனிந்த தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"அவரு பாஷையில அது ஆமான்னுதாங்க ஐயா. நீங்க ஊத்துங்க."